அட்டாச்மென்ட்: ஜப்தின்னு எழுதறதா, பற்றுகைன்னு எழுதறதா?

மனு எழுத்தர், அஸ்தம்பட்டி:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. சேலம் கோர்ட்டுக்கு வெளியே மனு எழுதிக் கொடுக்கிற வேலை எனக்கு. அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை பக்கத்து நெசவாளர்களுக்குக் கொடுக்க ஒரு பக்கத்துல துண்டறிக்கை தயார் பண்ணிட்டிருக்கோம். கடன் வழக்குல டிகிரி, அதாவது கடனைக் கட்டணும்னு கோர்ட் தீர்ப்பு ஆகி, கோர்ட் ஊழியரான அமீனா வாசல்ல வந்து நின்னா எதை எடுத்துட்டுப் போகலாம், எதைத் தொடக்கூடாதுங்கிறதுதான் விஷயம்.

முதல் வரியிலேயே மாட்டிக்கிட்டேன். ஆர்டர்ல இருக்கிற சொல் 'அட்டாச்மென்ட்'. பழைய மனுக்கள்ல 'ஜப்தி'. சட்டச் சொல்லகராதியில 'பற்றுகை'. போன மாசம் ஒரு அம்மா நோட்டீஸோட வந்தாங்க. அவங்க பையன் படிச்சுப் பார்த்துட்டு, "அட்டாச்மென்ட்னு போட்டிருக்கு, கூட ஏதோ காகிதம் இணைச்சிருக்காங்க, அது வந்ததும் பார்த்துக்கலாம்"னு சொல்லியிருக்கான். அவன் தினமும் மெயில்ல பார்க்கிற சொல் அதுதானே. உண்மையில அவங்க வீட்டை விற்கக் கூடாதுன்னு கோர்ட் போட்ட தடை அது. நாள் போயிட்டே இருந்திருக்கு.

அதனால ரெண்டு கேள்விங்க. துண்டறிக்கையில எந்தச் சொல்லைப் போடறது? அதோட, ஒரே சொல் எப்படி வீட்டைப் பிடிக்கிறதுக்கும், மெயில்ல கோப்பு சேர்க்கிறதுக்கும், பிள்ளை மேல இருக்கிற பாசத்துக்கும் வந்துச்சு? காரணம் தெரிஞ்சா ஜனங்களுக்குச் சொல்றது எனக்கு லேசா இருக்கும்.


தமிழாசிரியர் (ஓய்வு), செவ்வாய்ப்பேட்டை:

தம்பி, இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

'அட்டாச்' லத்தீனில் 'தொடு' என்னும் பொருள்கொண்ட வேரிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. பழைய பிரெஞ்சில் 'எஸ்தாஷ்' என்றால் தரையில் அடித்த முளை, கம்பம். அதிலிருந்து முளையில் கட்டு, பொருத்து என்னும் வினை வந்தது. அந்த முளையும் ஜெர்மானியக் கிளையிலிருந்து பிரெஞ்சுக்குப் போனதுதான். ஆங்கிலத்தின் 'ஸ்டேக்' அதன் உறவு.

நார்மானியர்களின் பிரெஞ்சு இங்கிலாந்தின் நீதிமன்ற மொழியாக இருந்த காலத்தில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது. 14ஆம் நூற்றாண்டில் அது நுழைந்தபோதே 'ஆளைப் பிடி, பொருளைப் பிடி' என்னும் பொருளோடுதான் நுழைந்தது. ஆணை காட்டி ஒருவரைக் கைது செய்வதே 'அட்டாச்மென்ட்'. அன்பு, பாசம் என்னும் பொருள் ஏறியது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆக, உங்கள் அமீனாதான் மூத்தவர், பாசம் இளையது.

இன்னொன்று. 'அட்டாக்' என்ற சொல்லும் இதே குடும்பம். இத்தாலிய வடிவம் பிரெஞ்சு வழியாக 1600ஐ ஒட்டி ஆங்கிலத்துக்கு வந்து தாக்குதலைக் குறித்தது. கட்டுவதும் தாக்குவதும் உடன்பிறந்தவை.


அம்மாபேட்டைத் தறிக்காரன்:

ஐயா, முளைன்னு சொன்னீங்க பாருங்க, அதைப் படிச்சதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம்ம தறிக்கும் அதே பொருள் உண்டில்லீங்களா? கட்டுத்தறின்னா மாடு கட்டற முளை. எங்க வீட்டுக் குழித்தறியும் தறிதான்.

அட்டாச்மென்ட்னா என்னன்னு எங்க ஆளுங்களுக்குச் சொல்லணும்னா பாவு பிணைக்கிறதைச் சொல்லுங்க. பாவுன்னா தறியில நீளவாக்குல ஓடற நூல். ஒரு பாவு முடியப் போகும்போது இழைகளைப் பிரிச்சு நிறுத்தற அச்சுலயும், தூக்கி இறக்கற விழுதுலயும் இருக்கிற பழைய இழைகளை உருவ மாட்டோம். நுனியை அப்படியே விட்டு வெப்போம். புதுப் பாவைக் கொண்டுவந்து, விரல்ல சாம்பல் தொட்டுக்கிட்டு, பழைய இழை ஒண்ணு, புது இழை ஒண்ணு, ரெண்டையும் சேர்த்து ஒரு திருகு. முடிச்சு கிடையாது. முடிச்சுப் போட்டா அச்சுப் பல்லுல மாட்டி அறுந்துடும். திருகினது மட்டும்தான் வழுக்கிக்கிட்டு உள்ளே போகும். பட்டுப் புடவைக்கு இப்படி ஆயிரக்கணக்குல. எங்க அம்மா பிணைச்ச பாவுல ஒரு இழை கூட விட்டுப்போகாது. பார்த்துப் பார்த்துப் பண்ண மாட்டாங்க, கை தானா போகும், பேச்சு பேச்சா இருக்கும்.

ஆனா எனக்குத் தெரிய வேண்டியது வேற. தறியை எடுக்கலாமா, கூடாதா? இங்க எல்லார் வயித்துலயும் புளியைக் கரைக்கிறது அதுதான்.


வழக்கறிஞர், கோரிமேடு:

தறிக்காரரே, உங்க கேள்விக்கு நேரா வர்றேன். உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908. பிரிவு 60. டிகிரி ஆனாலும் ஜப்தி பண்ணக் கூடாத பொருள்னு அதுல ஒரு வரிசையே இருக்கு. உடுத்தத் தேவையான துணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை. மத வழக்கப்படி ஒரு பெண் கழட்டிக் கொடுக்க முடியாத நகை, அதாவது நம்ம ஊர்ல தாலி. கைவினைஞரோட கருவிகள். விவசாயின்னா ஏர்க்கருவி, பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதைத் தானியம். விவசாயியோ கூலித் தொழிலாளியோ குடியிருக்கிற அவரோட சொந்த வீடு. தொழிலாளியோட கூலி.

தானே உட்கார்ந்து நெய்யறவரோட தறி கைவினைஞரோட கருவி. அதை ஜப்தி பண்ண முடியாதுன்னு நீங்க தைரியமா எதிர்க்கலாம். வரிசையா விசைத்தறி போட்டு ஆள் வெச்சு ஓட்டறவர் அதே சலுகையைக் கேட்டா கோர்ட் ஒத்துக்கிறது கஷ்டம். அவர் கைவினைஞரா, முதலாளியாங்கிற கேள்வி வந்துடும்.

துண்டறிக்கையில எழுதும்போது மூணு விஷயத்தை விட்டுடாதீங்க.

ஜப்தின்னா சொத்து போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. அசையாச் சொத்துன்னா, அதை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாதுன்னு தடை மட்டும்தான். உரிமை இன்னும் உங்களோடது. ஏலம்ங்கிறது தனி நடவடிக்கை, அதுக்குத் தனி அறிவிப்பு வரணும். ஆனா ஜப்திக்கு அப்புறம் அந்தத் தடையை மீறி யாருக்காவது வித்தீங்கன்னா, பிரிவு 64 படி டிகிரி வாங்கினவருக்கு எதிரா அந்த விற்பனை செல்லாது.

சூரியன் மறைஞ்ச பிறகு, விடியறதுக்கு முன்னால, ஜப்திக்காகக் குடியிருக்கிற வீட்டுக்குள்ள நுழையக் கூடாது. பிரிவு 62. இதை எத்தனை பேருக்குத் தெரியும்?

மூணாவது, எல்லாத்தையும் விட முக்கியம்: ஆட்சேபணையை ஏலத்துக்கு முன்னாலயே போடணும். அதே சட்டத்துல ஆர்டர் 21, ரூல் 58. இந்தப் பொருளை ஜப்தி பண்ணக் கூடாதுன்னு அதே கோர்ட்ல மனுப் போட்டா அங்கேயே விசாரிச்சு முடிவு பண்ணுவாங்க. பொருள் வித்துப் போன பிறகு வந்தாலோ, வேணும்னே தாமதம் பண்ணினாலோ எடுத்துக்க மாட்டாங்க. அந்த அம்மா விஷயத்துல பையன் மெயில்னு நினைச்சதால என்ன ஆபத்துன்னு இப்பப் புரியுதுங்களா?


சங்ககிரி லாரி:

வக்கீல் சார், ஒரு சந்தேகம். நாங்க 'வண்டி அட்டாச்ல ஓடுது'ன்னு சொல்லுவோம். சொந்த வண்டியை ஒரு ட்ரான்ஸ்போர்ட்ல சேர்த்து விட்டா அது அட்டாச். அதுல பயம் ஒண்ணும் கிடையாது. தவணை கட்டலைன்னா ஃபைனான்ஸ்காரங்க வந்து வண்டியைத் தூக்கறாங்களே, அதை 'சீசிங்'னு சொல்றோம். அதுவும் இந்த அட்டாச்மென்ட்டும் ஒண்ணா?


வழக்கறிஞர், கோரிமேடு:

இல்லைங்க. அது கடன் ஒப்பந்தத்துல நீங்க கொடுத்த உரிமையை வெச்சு அவங்க பண்றது. ஜப்தின்னா கோர்ட் ஆணை இருக்கணும், அமீனா கையில அந்தக் காகிதம் இருக்கணும். அடமானம் வெச்ச வீடும் அப்படித்தான் தனிக் கதை. எழுதிக் கொடுத்த அடமானத்துக்குத் தனியா ஜப்தி தேவைப்படாது, டிகிரி ஆனா நேரா விற்பனைக்குப் போகும். துண்டறிக்கையில இந்த வித்தியாசத்துக்கு ஒரு வரி ஒதுக்குங்க, இல்லைன்னா அடமானக் கடன்காரங்களும் பிரிவு 60ஐ நம்பி உட்கார்ந்துடுவாங்க.

ஜப்தி எப்பவும் ஏழை மேலதான் பாயும்னும் நினைக்க வேண்டாம். விபத்துல செத்தவங்க குடும்பத்துக்கு இழப்பீடு கொடுக்கலைன்னு பஸ் ஸ்டாண்டுல நிக்கிற அரசு பஸ்ஸையே அமீனா ஜப்தி பண்ணின சேதியைப் பேப்பர்ல பார்த்திருப்பீங்க. அந்தக் குடும்பத்துக்கு இருக்கிற ஒரே பிடி அது.


கொலுசுப் பட்டறை, சிவதாபுரம்:

வாத்தியார் ஐயாவுக்கு ஒரு கேள்விங்க. 'பற்றுகை'ங்கிற சொல் எனக்கு அந்நியமாத் தெரியலை. நாங்க நாள் முழுக்கப் பத்த வைக்கிற வேலைதான் பார்க்கிறோம். கொலுசுல ஒவ்வொரு வளையத்தையும் சேர்த்து, வெங்காரம் தடவி, பொடி போட்டு, நெருப்பை ஊதினா பொடி உருகி இடுக்குல ஓடும். ஓடற அந்த நேரத்தைக் கண்ணு பிடிக்கணும். ஒரு நொடி தாண்டினா வளையமே கரைஞ்சுடும். பொடியில வெள்ளியோட செம்பும் துத்தநாகமும் கலந்திருக்கிறதால முதல்ல அது உருகுது. பொடி கூடுதலாப் போட்டா கொலுசோட டச், அதாவது வெள்ளியோட சுத்தம், குறைஞ்சுடும். அதனால 'பத்து' எவ்வளவு கொஞ்சமா இருக்கோ அவ்வளவு நல்ல வேலை. இந்தப் பத்தும் கோர்ட் பற்றுகையும் ஒரே வேர்தானே?


தமிழாசிரியர் (ஓய்வு), செவ்வாய்ப்பேட்டை:

ஒரே வேர்தான் ஐயா. பற்று என்பதன் அடிப்பொருள் பிடிப்பது. அதிலிருந்து எத்தனை கிளை பாருங்கள். கைப்பற்றுதல் என்றால் பறித்துக்கொள்வது. தீப் பற்றும். உங்கள் வெள்ளி பற்றும். சமைத்த பானையில் பருக்கை பற்றும். அதனால்தான் பற்றுப்பாத்திரம், பேச்சில் பத்துப்பாத்திரம். தலைவலிக்கு அரைத்துப் போடுவதும் பற்று. கணக்கேட்டில் வரவுக்கு எதிர்ப்பக்கம் பற்று, ஒருவர் எடுத்துக்கொண்டது. இலங்கையின் மட்டக்களப்புப் பக்கம் நிலப் பிரிவுக்கே மண்முனைப் பற்று, கோறளைப் பற்று என்று பெயர். மொழிப்பற்று, நாட்டுப்பற்று என்றால் அன்பு. 'இதைப் பற்றிப் பேசலாம்' என்னும்போது வெறும் இடைச்சொல்லாகவே தேய்ந்துவிட்டது.

திருக்குறளில் துறவு அதிகாரத்தின் கடைசிக் குறளில், 350ஆவது குறள், பிடிப்பதும் ஆசையும் ஒரே சொல்லாக வருகின்றன. 'பற்றுக பற்றற்றான் பற்றினை' என்று தொடங்கும். பற்றை விடுவதற்கும் ஒன்றைப் பற்றத்தான் சொல்கிறார் வள்ளுவர். பொருளைப் பிடிப்பதும் மனம் பிடிப்பதும் தமிழுக்குத் தொடக்கத்திலிருந்தே ஒரே கையின் வேலை.

'ஜப்தி'யும் அப்படியே. அரபியில் 'ஸப்த்' என்றால் உறுதியாகப் பிடித்தல், கட்டுக்குள் வைத்தல். பாரசீகம் வழியாக ஆட்சிச் சொல்லாகி, அக்பர் காலத்தில் நிலத்தை அளந்து தீர்வை போடும் முறைக்கே 'ஸப்தி' என்று பெயர் இருந்தது. கோர்ட்டில் நீங்கள் பார்க்கும் அமீனாவும் அரபிச் சொல்தான். நம்பிக்கைக்குரியவர் என்று பொருள்.

பிரெஞ்சில் முளை, அரபியில் பிடி, தமிழில் கை. மூன்றும் தனித்தனியே நடந்து சட்டத்தின் அதே வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இதை வைத்துக்கொண்டு ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்று யாரும் கிளம்ப வேண்டாம். தறிக்காரர் சொன்ன கட்டுத்தறியும் அப்படியே: பொருள் ஒத்துப்போகிறது, உறவு கிடையாது.


ஐந்துரோடு ஐடி:

மெயில் பக்கத்தை நான் சொல்லிடறேன். மெயில்ல படமும் ஒலியும் சேர்த்து அனுப்பறதுக்குப் பொதுவான முறையா 'மைம்' 1992ல வந்துச்சு. அந்த வருசம் மார்ச் 11ஆம் தேதி அதை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான நதானியேல் போரென்ஸ்டீன் அனுப்பின மெயிலை முதல் மைம் அட்டாச்மென்ட்னு சொல்லுவாங்க. அவரோட பாட்டுக் குழு போட்டோவும், பாடின ஒலியும் அதுல இருந்துச்சு. இந்தப் பொருளுக்குத் தமிழ்ல 'இணைப்பு' ஏற்கெனவே நிலைச்சுப் போச்சு. விண்ணப்பத்துக்குக் கீழே 'இணைப்பு: சான்றிதழ் நகல்'னு தாத்தா காலத்துல இருந்து எழுதறோம். அதை இதோட குழப்ப வேண்டியதே இல்லை.


அங்கன்வாடி அக்கா, ஏற்காடு:

பாசம் பத்தி யாரும் ஆழமாப் பேசலையே, நான் சொல்றேன். எங்க பயிற்சியில 'அட்டாச்மென்ட்' ரொம்ப நேரம் ஓடுச்சு. ஜான் பௌல்பிங்கிற இங்கிலாந்து மனநல மருத்துவர் 1958ல இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். அதுக்கு முன்னால, குழந்தை தாயை விடாமப் பிடிக்கிறதைச் 'சார்ந்திருத்தல்'னு ஒரு குறை மாதிரி பேசிட்டிருந்தாங்க. பால் கொடுக்கறதால வர்ற பழக்கம்னும் சொன்னாங்க. அவர் அதை ஒத்துக்கலை. பசி மாதிரியே இதுவும் பிறவியிலேயே வர்ற தேவைன்னார்.

அவரோட வேலை பார்த்த மேரி எயின்ஸ்வர்த் 1954ல உகாண்டாவுக்குப் போய், கிராமத்து வீடுகள்ல தாயையும் குழந்தையையும் உட்கார்ந்து கவனிச்சாங்க. அப்புறம் அமெரிக்காவுல பால்டிமோர்ல ஒரு சோதனை வெச்சாங்க. ஒரு வயசுக் குழந்தையை அம்மா கொஞ்ச நேரம் விட்டுட்டுப் போய்த் திரும்பி வரணும். அம்மா போகும்போது குழந்தை அழுதாலும் அழலைன்னாலும் அதை வெச்சு மட்டும் முடிவு கட்டறதில்லை. திரும்பி வந்ததும் குழந்தை என்ன பண்ணுதுன்னுதான் முக்கியமாப் பார்த்தாங்க.

இதை நான் தினமும் பார்க்கிறேன். காப்பித் தோட்டத்துல பழம் எடுக்கப் போற அம்மாங்க காலையில விட்டுட்டுப் போவாங்க. போகும்போது கத்திக் கூப்பாடு போடற குழந்தையைப் பார்த்து 'இது ரொம்ப அட்டாச்மென்ட், கெட்டுப் போச்சு'ன்னு சிலர் பேசுவாங்க. சாயங்காலம் அம்மா வந்ததும் அதே குழந்தை ஓடிப்போய்ச் சேலைத் தலைப்பைப் பிடிச்சு, முகத்தை அதுல ரெண்டு தேய்ப்புத் தேய்ச்சுட்டு, உடனே திரும்பி விளையாட வந்துடும். அந்தக் குழந்தையைப் பத்தி எனக்குக் கவலையே இல்லை. அம்மா வந்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஒரு மூலையில உட்கார்ந்திருக்குமே, அதுக்குத்தான் நான் கூடுதலா மடி கொடுப்பேன்.

50 பெண்கள் வேலை செய்யற தோட்டத்துல பிள்ளைங்களுக்குக் காப்பகம் வைக்கணும்னு 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்துலயே எழுதினாங்க. பௌல்பி கட்டுரைக்கு முன்னாலயே எழுதின சட்டம் அது.

சொல் விஷயத்துக்கு வந்தா, இங்க யாரும் குழந்தைக்குப் 'பற்று'ன்னு சொல்றதில்லைங்க. 'பாட்டிகிட்ட ஒட்டிக்கிச்சு', 'அப்பன்கிட்ட ஒட்டுதலே இல்லை'ன்னுதான் பேச்சு. இந்த அட்டாச்மென்ட்டுக்கு ஒட்டுதல் போதும்.


தமிழாசிரியர் (ஓய்வு), செவ்வாய்ப்பேட்டை:

அம்மா, நன்றாகச் சொன்னீர்கள். பற்று என்றால் பெரியவர்களுடைய ஆசை, கொள்கை என்றே ஒலிக்கிறது. ஒட்டுதலில் குழந்தையின் கன்னம் இருக்கிறது. பாடநூல் எழுதுகிறவர்கள் உங்களைக் கேட்டிருக்க வேண்டும்.


அம்மாபேட்டைத் தறிக்காரன்:

எல்லாம் சரிங்க. துண்டறிக்கைக்கு என் அபிப்பிராயம் ஜப்திதான். பற்றுகை நல்ல தமிழ், மறுக்கலை. ஆனா எங்க தெருவுல 'ஜப்தி'ன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா போதும், தறியை நிறுத்திட்டு எழுந்து வருவாங்க. 'பற்றுகை'ன்னா கோயில் விசேஷம்னு நினைச்சுப்பாங்க.


கொலுசுப் பட்டறை, சிவதாபுரம்:

அண்ணா, அந்தப் பயம்தாங்க பிரச்சினை. ஜப்தின்னு கேட்டதும் வீடே போச்சுன்னு நினைச்சுக் கந்துவட்டிக்காரன்கிட்ட ஓடறாங்க. எங்க சந்துல ஒருத்தர் அப்படித்தான், கோர்ட் கடனை அடைக்க அதைவிடப் பெரிய கடன் வாங்கினார். வக்கீல் சார் சொன்ன மாதிரி அது வெறும் தடைதான்னு தெரிஞ்சிருந்தா நிதானமா மனுப் போட்டிருப்பார். பயமில்லாத சொல் வேணும்.


வழக்கறிஞர், கோரிமேடு:

பயம் சொல்லுல இருந்து வரலைங்க, தெரியாததுல இருந்து வருது. தெரிஞ்ச சொல்லைப் போட்டு, அதுக்குப் பக்கத்துலயே விளக்கத்தைப் போடுங்க. இன்னொரு காரணமும் இருக்கு. கோர்ட் காகிதத்துல மூணு சொல்லும் வரும். ஆங்கில ஆர்டர்ல அட்டாச்மென்ட், தமிழ்ல வர்ற உத்தரவுல பற்றுகை, அமீனா வாயில ஜப்தி. மூணும் ஒண்ணுதான்னு தெரியாட்டி அந்தப் பையன் மாதிரியே இன்னொருத்தர் ஏமாறுவார்.

அசையாச் சொத்து ஜப்தியை அந்த இடத்துலயே தமுக்கு அடிச்சோ ஊர் வழக்கப்படியோ அறிவிக்கணும், நகலை எல்லார் கண்ணுலயும் படற இடத்துல ஒட்டணும்னு ஆர்டர் 21 ரூல் 54 சொல்லுது. ஒட்டின காகிதத்தை ராத்திரியோட ராத்திரியாக் கிழிச்சுப் போட்டுட்டா ஜப்தி போயிடும்னு நினைக்கிறவங்க இருக்காங்க. கிழிக்காதீங்க, போட்டோ எடுத்து வெச்சுக்கங்கன்னு எழுதுங்க. அதுல இருக்கிற வழக்கு நம்பரும் தேதியும்தான் ஆட்சேபணை மனுவுக்கு வேணும்.


மனு எழுத்தர், அஸ்தம்பட்டி:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இப்படி எழுதியிருக்கேன், திருத்தம் இருந்தா சொல்லுங்க:

"உங்களுக்கு வந்த நோட்டீஸில் அட்டாச்மென்ட், ஜப்தி, பற்றுகை இவற்றில் எந்தச் சொல் இருந்தாலும் ஒரே பொருள்தான்: கோர்ட் உங்கள் சொத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அது இன்னும் விற்கப்படவில்லை. தாலி, சமையல் பாத்திரம், படுக்கை, நீங்களே உட்கார்ந்து நெய்யும் தறி இவற்றை ஜப்தி செய்யக் கூடாது. அப்படிச் செய்ய வந்தால் தகராறு செய்யாதீர்கள், ஏலத்துக்கு முன்பே அதே கோர்ட்டில் ஆட்சேபணை மனுப் போடுங்கள். இருட்டிய பிறகு ஜப்திக்காக வீட்டுக்குள் வரக் கூடாது. அடமானம் வைத்த சொத்துக்கு விதி வேறு, வக்கீலைக் கேளுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100."


வழக்கறிஞர், கோரிமேடு:

'நீங்களே நெய்யும் தறி'க்கு முன்னால 'பிழைப்புக்காக'ன்னு சேருங்க. ஒட்டின காகிதத்தைக் கிழிக்க வேண்டாம்ங்கிற வரியும் விட்டுப் போச்சு. மத்தபடி அச்சுக்குக் கொடுக்கலாம்.


அம்மாபேட்டைத் தறிக்காரன்:

எழுத்து பெருசா இருக்கட்டும்ங்க. எங்க சங்கத்துக்கு ஒரு கட்டு அனுப்புங்க, கூலி வாங்க வர்ற அன்னைக்கு நானே கையில கொடுத்து வாசிச்சும் காட்டறேன். அந்த அம்மா வீட்டு விஷயம் என்னாச்சு?


மனு எழுத்தர், அஸ்தம்பட்டி:

ஏலத் தேதி இன்னும் வரலை. ஆட்சேபணை மனுவைப் போட்டாச்சு, விசாரணைக்கு எடுத்திருக்காங்க. பையன்தான் கூட வந்து நம்பர் போட்டு வாங்கிட்டுப் போனான்.